தும்பிக்கையோடு நின்றுபோன பிள்ளையார்

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். வயது 47. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு பொழுதுபோகக் கைவேலையில் இறங்கினேன். இப்போது ஆறு வேலைகள் பாதியில் நிற்கின்றன. மகளுக்குக் குரோஷா சதுரங்களில் ஒரு கட்டில் விரிப்பு (நாலு அங்குலச் சதுரம், 120 முடிந்திருக்கிறது). குன்னூரில் இருக்கும் அக்கா மகளுக்குக் கார்த்திகையில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்வெட்டர் (முதுகும் ஒரு கையும் ஆயிற்று). கிராஸ் ஸ்டிச்சில் பிள்ளையார் (தும்பிக்கை வரை). ஜன்னல் கம்பியில் தொங்கும் மேக்ரமே (கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்யும் அலங்காரம்). தெரிந்தவர் வீட்டு ஆவணிக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிச் செய்யும் ஆரி பிளவுஸ். கடைசியாக, என் பட்டுப்புடவைக்குக் குஞ்சம். ஹாலில் நடக்க இடமில்லை என்கிறார் மாமியார். "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்கிறார் கணவர். அப்படி உட்கார்ந்தால் இரண்டே நாளில் அலுத்துவிடுகிறது. இது ஏதாவது மனக்கோளாறா? இன்னொரு ஆரி ஆர்டரும் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறெல்லாம் ஒன்றுமில்லை. ஊசியும் நூலும் பிடிக்கிற பெண்கள் பத்துப் பேர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால், எட்டு வீட்டிலாவது பாதி முடிந்த ஏதோ ஒன்று பாலித்தீன் பைக்குள் கிடக்கும். உங்கள் கணவர் சொல்வது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தும், கைவேலைக்குப் பொருந்தாது. குரோஷாவில் மணிக்கட்டு ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆரியில் கழுத்தும் முதுகும் நோகும். கிராஸ் ஸ்டிச்சில் கண் நோகும். ஒரே வேலையை மூன்று மணி நேரம் விடாமல் செய்வதைவிட இரண்டை மாற்றி மாற்றிச் செய்வதுதான் உடம்புக்கு நல்லது. ஆகவே ஆறு வேலை இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாரோ பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிளவுஸையும், யாருமே காத்திருக்காத மேக்ரமேயையும் ஒரே தட்டில் வைத்து, ஆறுக்கும் சமமாகக் குற்ற உணர்ச்சி படுகிறீர்களே, அதில்தான் சிக்கல்.

உங்கள் ஆறில் தேதி உள்ளவை இரண்டே இரண்டு: பிளவுஸ், ஸ்வெட்டர். மற்ற நான்கும் உங்கள் சந்தோஷத்துக்கு. அவை அடுத்த சித்திரை வரை கிடந்தாலும் யாரும் உங்களைக் கேட்க முடியாது.

முதலில் பிளவுஸ். ஆடியில் கல்யாணம் இல்லை என்று மற்றவர்கள் ஓய்வாக இருப்பார்கள். ஆரி போடுகிறவர்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் கழுத்தை நெரிக்கிற மாதங்கள், ஆவணிக்கும் தைக்கும் வேண்டியதெல்லாம் அப்போதுதான் வந்து குவியும். காலண்டரில் கல்யாணத் தேதியைக் குறித்து வைத்திருந்தால் அதை அடித்துவிடுங்கள். டெய்லர் கைக்குத் துணி போக வேண்டிய தேதியைக் கேட்டு அதைக் குறியுங்கள். வெட்டாத துணியில்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள். அதற்குப் பிறகு வெட்டித் தைத்து, போட்டுப் பார்த்து, பிடித்து விடுகிற வேலை இருக்கிறது. கல்யாணத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்னதாகவாவது துணி அவரிடம் இருக்க வேண்டும். கழுத்தை முதலில் முடியுங்கள், அப்புறம் இரண்டு கைகள். நேரம் போதாமல் போனால் கையில் இரண்டு புட்டாவைக் குறைத்துக்கொள்ளலாம், பாதிக் கழுத்தோடு யாரும் மணவறையில் உட்கார முடியாது.

பிளவுஸைப் பகலில் மட்டும் செய்யுங்கள். 47 வயதில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வந்திருக்கும். மெரூன், கறுப்பு, கரும்பச்சைத் துணிகளில் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்ட சங்கிலித் தையலை மறுநாள் காலையில் பார்த்தால் கோணல் தெரியும். ராத்திரிக்கு வெளிர் நிறக் கம்பளி நூலில் நேர் வரிசையாகப் போகிற ஸ்வெட்டர்தான் சரி. டிவி பார்த்துக்கொண்டேகூடப் போடலாம். இப்படிப் பிரித்தால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.

ஆரித் துணியை இழுத்துக் கட்டும் ஃப்ரேமுக்கு வருவோம், மாமியாருக்கு இடிப்பது அதுதானே. பெரிய கட்டில் ஃப்ரேம் என்றால் வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து, பழைய வேட்டியால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். ஹாலும் நடக்கும்படி இருக்கும், ஜரிகையும் தூசியும் காற்றும் படாமல் கறுக்காது. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை மட்டும் ஜரிகைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்வெட்டர். "முதுகும் ஒரு கையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கையில் வந்து நின்றுபோன ஸ்வெட்டர்கள் உலகத்தில் எத்தனையோ. முதல் கையில் இருந்த புதுசு இரண்டாவதில் இருக்காது, அவ்வளவுதான். முடிந்த கையில் எத்தனை வரிசை, எந்த வரிசையில் கண்ணி கூட்டினீர்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இரண்டாவது பாதி நேரத்தில் ஓடிவிடும். முன்பக்கம் இரண்டு துண்டையும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஒரே ஊசியில் இரண்டு நூல் உருண்டை வைத்து இரண்டையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டும் ஒரே நீளம் வரும், "இன்னொரு பக்கம் பாக்கி" என்ற அலுப்பும் வராது.

ஆனால் அதற்கு முன்னால் டேப்பை எடுத்து அந்த முதுகின் அகலத்தை அளந்து பாருங்கள். கார்த்திகையில் பிறக்கிற குழந்தை, குன்னூர்க் குளிர் உச்சத்தில் இருக்கிற தையில் இரண்டு மாதம் தாண்டியிருக்கும். பிறந்த குழந்தை அளவில் பின்னியது சில வாரங்களில் சின்னதாகிவிடும். முதுகு 9 அங்குலமாவது இருந்தால் கவலையில்லாமல் மேலே போங்கள். 8 தான் இருக்கிறதென்றால் பிரித்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். மனசு கேட்காதுதான். குழந்தை ஸ்வெட்டரின் முதுகு எத்தனை மாலை வேலை, சொல்லுங்கள்? பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். புது நூல் வாங்க வேண்டியிருந்தால் பழைய லேபிளில் உள்ள லாட் நம்பரை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) பார்த்து வாங்குங்கள். நிறத்தின் எண் ஒன்றாகவே இருந்தாலும் லாட் மாறினால், கடையில் ஒன்றாகத் தெரிந்த நிறம் வெயிலில் கோடு போட்ட மாதிரி காட்டிக்கொடுக்கும். பட்டனை இரட்டை நூலில் இறுக்கித் தையுங்கள். அழகாக இருக்கிறதென்று கழுத்தில் நாடா கோர்க்க வேண்டாம், பச்சைக் குழந்தை விஷயம்.

இப்போது அந்த 120 சதுரம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குலத்துக்கு 88 அங்குலம் என்று வைத்தால் நாலு அங்குலச் சதுரம் 15-க்கு 22, ஆக 330 வேண்டும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டு நின்றிருக்கிறீர்கள். பின்னுவது அலுத்ததா, அல்லது வெட்டிய நூல் நுனிகளை உள்ளே செருகுவது அலுத்ததா? சதுரத்துக்கு மூன்று நிறம் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் ஆறு நூல் நுனி. 120 சதுரத்தில் 720 நுனி! ஒரு பை நிறைய வால் முளைத்த சதுரங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் கை வரும்? இனிமேல் போடும் சதுரங்களில் நிறம் மாற்றும்போதே பழைய நுனியை அடுத்த சுற்றுக் கண்ணிகளுக்குள் வைத்து மேலேயே பின்னிக்கொண்டு போய்விடுங்கள், செருகுகிற வேலையே பாதிக்கு மேல் குறையும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். 120 என்பது 10-க்கு 12. அப்படியே இணைத்தால் 40-க்கு 48 அங்குலம். சுற்றிலும் இரண்டு அங்குலம் பார்டர் போட்டால் சோபாவில் விரிக்கவோ, விடுதி அறையில் உங்கள் மகள் மடியில் போட்டுக்கொண்டு படிக்கவோ அருமையான அளவு. கட்டில் விரிப்பு என்று நீங்கள் மனதில் பெயர் வைத்ததால்தான் அது பாதியில் நிற்கிறது. பெயரை மாற்றினால் கிட்டத்தட்ட முடிந்த வேலை.

இணைக்கிற வேலையையும் நீங்களே செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாபுரம் என்று ஓர் ஊர், குரோஷா லேஸுக்குப் பேர் போனது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் மூலமாக வந்த கலை. அங்கே ஒரு வீட்டில் பூக்களை மட்டும் பின்னுவார்கள், இன்னொரு வீட்டில் அவற்றை இணைப்பார்கள். விரிப்பு முழுதும் ஒரே கையால் ஆனதா என்று யாரும் கேட்பதில்லை.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குறைதான் இருந்தது, அவர் என்ன செய்வார் என்று எழுதவில்லை. கும்பகோணத்தில் அந்த வயதில் இருக்கிறவருக்குப் பூக் கட்டத் தெரியாமல் இருக்காது என்று நம்புகிறேன். புடவைக் குஞ்சம் அதே விரல் வேலைதான்: இழை பிரி, முறுக்கு, முடிச்சுப் போடு, சமமாக வெட்டு. முந்தானையை அவர் மடியில் கொடுத்து, "உங்கள் அளவுக்கு எனக்குச் சீராக வரவில்லை, கொஞ்சம் பாருங்கள் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். ஹாலில் இடமில்லை என்ற புகார் எவ்வளவு தூரம் நிற்கிறதென்று பார்ப்போம். மறுத்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, குஞ்சம் ஒரு வாரத்து வேலை, ஆவணிக்கு அப்புறம் நீங்களே முடித்துவிடலாம்.

மேக்ரமேயைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். எந்த வரிசையில் நிறுத்தினாலும் அதையே முடிவாக்கிக்கொள்ள இடம் கொடுக்கிற வேலை அது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வரிசை முடிச்சுப் போட்டு, தொங்குகிற கயிற்றைச் சமமாக வெட்டி, நுனியைச் சீப்பால் வாரிவிட்டால் ஒன்று கணக்கில் குறைந்தது.

பிள்ளையார்தான் தர்மசங்கடம். சாமி படத்தைப் பாதியில் விட்டால் பாவமோ என்ற பயம் உங்கள் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வழக்கமான 14 கட்டத் துணியில் (அங்குலத்துக்கு 14 கட்டம், கட்டத்துக்கு ஒரு தையல்), 10-க்கு 14 அங்குலப் படம் முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் 27,440 தையல். மணிக்கு 100 போட்டாலும் 274 மணி நேரம். இதில் பெரும்பகுதியைத் தின்பது பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கும் ஒரே நிறப் பின்னணி. அதை விட்டுவிடுங்கள். உருவத்தை மட்டும் முடித்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே தெரியும்படி சட்டம் போட்டால் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அதற்கும் மனமில்லை என்றால் மடித்து வைத்துவிடுங்கள். முழுமுதற் கடவுள், அவருக்கு அவசரம் கிடையாது. வைப்பதற்கு முன் துணியை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். மாதக்கணக்கில் இருந்தால் விழுகிற வட்டத் தடம் துவைத்தாலும் லேசில் போகாது. துணியில் ஊசியைக் குத்தி வைக்கவும் கூடாது, காவிரிக்கரை ஈரத்தில் துருப் பிடித்துக் கறையாகிவிடும்.

எடுத்து வைக்கிற எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு: ஊசியின் அளவு, நூலின் நிறம், லாட் நம்பர், எந்த வரிசையில் நிறுத்தினீர்கள், அடுத்தது என்ன. மூன்று மாதம் கழித்துப் பையைத் திறக்கும்போது நம்மை விரட்டுவது சோம்பல் என்று நினைக்கிறோம். "எங்கே விட்டேன், எந்த ஊசியில் போட்டேன்" என்ற குழப்பம்தான் முக்கால்வாசி. நிட்டிங்கை வரிசை நடுவில் நிறுத்தாமல் வரிசை முடிவில் நிறுத்துங்கள். ரொம்ப நாள் ஊசியிலேயே கிடந்திருந்தால் அந்தக் கடைசி வரிசையைப் பிரித்துவிட்டுத் தொடருங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு கோடு தெரியும். கம்பளி நூல் பையில் மட்டும் இரண்டு துண்டு வசம்பு போடுங்கள்.

புதிதாக ஒன்றைத் தொடங்கவே கூடாதா? தொடங்குங்கள். தேதி உள்ள வேலை ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாதவற்றுக்கு நான் கணக்கு வைக்க மாட்டேன்.

அதனால், கேட்டு வந்திருக்கும் ஆரி ஆர்டரை இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆவணிக்கென்றால் முடியாது, ஐப்பசிக்கென்றால் செய்து தருகிறேன் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்து வைத்திருந்தால், வேறு ஆள் தேட அவர்களுக்கும் நாள் போய்விடும்.