கறள் பிடித்த லொறிச் செசி: திருத்துவதா, இரும்புக்குப் போடுவதா? (கேள்வி பதில்)

பழைய லொறியின் செசியில், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டத்தில், கறள் (துரு) பிடித்தால் என்ன செய்வது என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். செசி பற்றி மட்டும் கேளுங்கள். என்ஜின், கியர்பொக்ஸ் என் துறையில்லை. கறள் எந்த இடத்தில் என்று எழுதிக் கேளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் நான் சாத்திரம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

காரைநகர்: பழைய இசுசு எல்ஃப். குருநகரிலிருந்து பேலியகொடைக்கு மீன் ஏற்றியது. பின் அச்சுக்கு மேலே செசி செதில் செதிலாகக் கழருகிறது. கராஜில் வெல்ட் பண்ணித் தார் அடித்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்கிறார்கள். மைத்துனர் பழைய இரும்புக்குப் போடு என்கிறார். என்ன செய்யலாம் ஐயா?

இரண்டு பேரும் கீழே படுத்துப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

மீன் லொறியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர், பெட்டியைத் தாங்கும் மரக்கட்டைக்கும் செசிக்கும் இடையில் போய் நிற்கும். அந்தக் கட்டை காய்வதே இல்லை. ஆகவே உங்கள் கண்ணுக்குத் தெரியும் செதிலை விட, கட்டைக்குக் கீழே மறைந்திருக்கும் செசியின் மேல் விளிம்புதான் எனக்குக் கவலை. பெட்டியைச் செசியோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளைத் தளர்த்தி, பெட்டியை இரண்டு அங்குலமாவது தூக்கிப் பாருங்கள்.

அதற்கு முன் லொறியை மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கறள் பிடித்த செசியில் ஜக் வைத்தால் அது இரும்பைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அச்சில் வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள்.

பிறகு சுத்தியல். கபினுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். தின்னப்பட்ட இடம் 'பொத்' என்று சத்தம் தரும், சுத்தியல் துள்ளாது. அந்த இடங்களில் சோக்கால் வட்டம் போடுங்கள். செதிலைத் தட்டி விழுத்தி, கிறைண்டரில் கம்பி பிறஷ் பூட்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகள் வழியாக வேர்னியரால் தடிப்பை அளவுங்கள். கபினுக்குப் பின்னால் நல்ல இடம் ஒன்றிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

செதிலின் பருமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். கை நிறையச் செதில் விழுந்தும் உள்ளே போனது ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கலாம். ஆனால் இரண்டு தகடு சேர்த்து றிவற் அடித்த இடத்தில் அதே பருக்கும் குணம் தகடுகளைப் பிளந்து றிவற்றின் தலையையே தெறிக்க வைக்கும். அங்கே தகடுகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

எந்த இடம் என்பது ஏன் முக்கியம்? செசியில் நீளப்பாட்டுக்கு ஓடும் இரண்டு சட்டங்களைத்தான் விலா என்கிறேன். விலாவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளையாமல் பாரத்தைத் தாங்குகின்றன. இரண்டு விளிம்புக்கும் இடையில் நிற்கும் நடுச்சுவரில் காசளவு ஓட்டை விழுந்தால் சமாளிக்கலாம். கீழ் விளிம்பின் ஓரம் அரம்பப் பல்லாகத் தின்னப்பட்டிருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

என் கணக்கு இது. நல்ல இடத்தில் ஆறு மில்லிமீற்றர், கறள் இடத்தில் ஐந்தரை என்றால் சுரண்டிப் பிறைமர் பூசி ஓட்டுங்கள். ஐந்துக்குக் கீழே வந்து, அது ஒரு சாண் இடத்துக்குள் என்றால் தகடு வைத்து போல்ட் பூட்டிப் பலப்படுத்தலாம். நாலைத் தொட்டு, அதுவும் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிறக்கற் செசியில் பிடிக்கும் இடத்தில் என்றாலோ, இரண்டு விலாவிலும் என்றாலோ மைத்துனர் சொன்னதுதான் சரி. எதுவானாலும் விலாவுக்குக் குறுக்கே வெல்ட் இழுக்க விடாதீர்கள். விளிம்பில் வெல்டே வேண்டாம். தார் கடைசி வேலை.

சுன்னாகம்: கழிவு ஓயில் அடித்தால் கறள் நிற்குமா?

கொஞ்சம் தள்ளிப்போகும். ரப்பர் புஷ் ஊதும், தூசி அப்பும், மாரி மழையில் பாதி நிலத்துக்குப் போகும். நம் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. கிணற்றில் எண்ணெய் மிதந்த கதை சுன்னாகத்து ஆளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கொடிகாமம்: தேங்காய் ஏற்றும் டாட்டா. ஓடலாமா?

எங்கே கறள்?

பருத்தித்துறை: கடையில் 'கறள் மாற்றி' என்று ஒரு திரவம் விற்கிறார்கள். போதுமா?

பொஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மெல்லிய கறளைக் கறுப்புப் படையாக மாற்றும். அதற்கு மேல் பெயின்ற் நன்றாகப் பிடிக்கும். போன இரும்பு திரும்பி வராது. செதில் மேல் ஊற்றுவது காசை ஊற்றுவது.

புங்குடுதீவு: ஒவ்வொரு நாளும் லொறியைக் கழுவுகிறேன். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் கழுவாத லொறியை விட என்னுடையதுதான் கூடக் கறள். ஏன்?

நல்ல கேள்வி. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? தீவுப்பக்கம் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு அப்படியே இருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். அதனால் மழை பெய்யாத இரவிலும் உங்கள் செசி நனைந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதற்குத் தினமும் புது உப்பு பூசுகிறீர்கள். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில், விலாவின் உள்பக்கத்தையும் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்துக் கழுவுங்கள். கடற்கரை மணலோ உப்போ ஏற்றிய அன்று மட்டும் அன்றைக்கே கழுவுங்கள். பிறகு வெயிலில் நிறுத்துங்கள்; ஓலைக் கொட்டிலுக்குள் ஈரத்தோடு விடாதீர்கள்.

நெல்லியடி: என் கன்டர் லொறியின் என்ஜின் சூடேறுகிறது.

றேடியேற்றர் பாஸிடம் போங்கள்.

மருதனார்மடம்: நான் வெல்டிங் பாஸ். விளிம்பில் வெல்டே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒட்டிய செசி ஒன்றும் அந்த இடத்தில் முறிந்ததில்லை. போல்ட் பூட்ட ஓட்டை போட்டால் செசி பலவீனமாகாதா?

அந்த இடத்தில் முறியாது தம்பி, அதற்குப் பக்கத்தில் முறியும். வெல்ட் பொதுவாகச் செசியை விடப் பலமாகத்தான் இருக்கும். சூடு பட்ட ஓரத்தில் இரும்பின் குணம் மாறிவிடுகிறது. பெரிய லொறிகள் பலவற்றின் விலா, சூடாக்கிக் குளிரவைத்துப் பலமேற்றிய உருக்கு. அதில் சூடு பட்டால் பலம் போய்விடும். லொறி ஓடும்போது செசி முறுகிக்கொண்டே போகிறது. நீங்கள் விறைப்பான தகடு ஒன்றைச் சுற்றிவர ஒட்டினால், முறுகல் முழுவதும் தகடு முடியும் கோட்டில் வந்து குவியும்.

ஓட்டை பற்றி நீங்கள் சொல்வது விளிம்புக்குச் சரி. விளிம்பில் ஓட்டை போடவே கூடாது. நடுச்சுவரின் மத்தியில் வளைவு அழுத்தம் குறைவு, அங்கே போடலாம்.

உரும்பிராய் (இடையில்): ஜப்பான் பிக்கப்புகளில் கம்பனியே வெல்ட் பண்ணித்தானே விடுகிறது?

ஆம், விடுகிறது. என்ன உருக்கு, எவ்வளவு சூடு என்று தெரிந்து, அசையாமல் பிடிக்கும் தாங்கியில் பூட்டிச் செய்கிறது. பிக்கப், பட்டா வாகனம் போன்ற சிறியவற்றில் மெல்லுருக்கு என்றால் நல்ல கைக்காரர் வெல்ட் பண்ணலாம். அதை நான் மறுக்கவில்லை. என் சண்டை கல்லும் மணலும் ஏற்றும் லொறிக்கு.

மருதனார்மடம்: தகட்டின் இரு நுனியையும் சரித்து வெட்டி, நீளப்பாட்டுக்கு மட்டும் ஒட்டி, நுனியை ஒட்டாமல் விட்டால்?

இதை முதலிலேயே எழுதியிருந்தால் சண்டையே வந்திருக்காது. அப்படித்தான் செய்ய வேண்டும். தகடு கறள் இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல இரும்பில் நீள வேண்டும். விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள். ஆனாலும் பெரிய லொறிக்கு நான் 8.8 தர போல்ட்தான் சொல்வேன். தளர்ந்தால் தெரியும், இறுக்கலாம். வெல்டுக்கு உள்ளே வெடித்தால் பெயின்ற் மறைத்துவிடும்.

கொடிகாமம்: நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கோ. என் தேங்காய் லொறி?

இன்னும் எங்கே கறள் என்று சொல்லவில்லை.

மருதனார்மடம்: சரி ஐயா. வெல்ட் பண்ணும்போது மின்சாரம் திரும்பிப் போகும் ஏர்த் கிளிப்பை எங்கே போடச் சொல்கிறீர்கள்? எங்கள் பொடியன்கள் ஸ்பிரிங்கில்தான் கொழுவுவார்கள்.

முதலில் பொடியன்களிடம் சொல்லுங்கள்! ஸ்பிரிங்கிலோ அச்சிலோ போட்டால் மின்சாரம் பெயாரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழுத்தும். ஸ்பிரிங் இலையில் ஒரு பொறி விழுந்த புள்ளியில் பிறகு இலை வெடிக்கும். ஒட்டும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், சுரண்டிய செசியிலேயே கொழுவுங்கள். பற்றரி இரண்டு முனையையும் ஒல்ரனேற்றரையும் கழற்றுங்கள். டீசல் தாங்கியை இறக்குங்கள். பிறேக் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள். ஜக்கில் நிற்கும் லொறிக்குக் கீழே படுத்து ஒட்ட வேண்டாம்.

சாவகச்சேரி: இந்த விலையில் புது லொறி எங்கே வாங்குவது? மெதுவாக, அரைப் பாரத்தோடு ஓட்டினால் கறளோடு இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம்தானே?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய லொறிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இரும்புக்குப் போக வேண்டிய பல லொறிகள் அதனால்தான் இன்னும் ரோட்டில் நிற்கின்றன. உங்கள் நிலைமை விளங்குகிறது. மேற்கறள் என்றால் அரைப் பாரம் நல்ல யோசனை. ஸ்பிரிங் பிறக்கற் அடியில் தின்னப்பட்டிருந்தால் வெற்று லொறியும் குழியில் விழுந்து பிறக்கற்றைக் கழற்றும். அச்சு சரியும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. அப்புறம், அரைப் பாரம் என்று சொல்லும் எவரும் வெங்காயக் காலம் வந்தால் அரைப் பாரத்தோடு நிற்பதில்லை.

அச்சுவேலி: தகுதிச் சான்றிதழ் எடுத்து வருமான அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. அப்படியென்றால் செசி நல்லதுதானே?

தார் பூசிய செசியைக் கண்ணால் பார்த்துத் தடிப்புச் சொல்ல ஆளில்லை. சுத்தியல்.

மானிப்பாய்: கறள் லொறி. வைத்திருப்பதா, விற்பதா?

எங்கே?

கோப்பாய்: எனக்கும் அதே கேள்விதான்.

அதே பதில்தான்.

ஸ்காபரோ, கனடா: அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஊரில் மாமரத்தடியில் நிற்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய கார். செசி மாற்ற முடியுமா?

லொறிக் கேள்வியில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேம்பிறிட்ஜுக்குத் தனிச் செசி கிடையாது. பொடியும் செசியும் ஒன்று. அதற்கு முந்திய ஏ40 சோமர்செட்டுக்குத்தான் தனிச் செசி. ஆகவே உங்கள் காரில் தரைத்தகடும் கதவுக்குக் கீழ்ப் பெட்டியும் உக்கினால் அதுதான் செசி உக்கியது. பலகைக் கட்டையில் தூக்கி வையுங்கள், சருகைக் கூட்டுங்கள், பொடி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதே என்று சொல்லிவிடுங்கள்.

வட்டுக்கோட்டை: நல்ல செசி ஒன்று கொழும்பில் கிடைக்கிறது. மாற்றலாமா? இல்லாவிட்டால் இரும்புக்குத்தான் போட வேண்டும். இரண்டு விலாவும் ஸ்பிரிங் அடியில் போய்விட்டது.

காரைநகருக்குப் பிறகு எந்த இடம் என்று எழுதிய மகராசன் நீங்கள்தான்! மாற்றுவதுதான் முறையான வேலை. ஆனால் செசி இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. காசு கொடுக்க முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். விற்பவரிடம் அந்தச் செசி எந்த வாகனத்திலிருந்து வந்தது என்பதற்கு எழுத்து வாங்குங்கள். பழைய இலக்கத் துண்டை வெட்டிப் புதுச் செசியில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜை விட்டு வெளியே வாருங்கள். அது திருட்டு வாகன வேலை.

ஒத்துவராவிட்டால் முழு லொறியாக இரும்புக்காரனிடம் கொடுக்காதீர்கள். அவன் கிலோக் கணக்கில் எடுத்து, என்ஜினையும் டிபரென்சியலையும் பாகமாக விற்பான். அவற்றையும் கியர்பொக்ஸ், கபின் கதவுகள், ரயர் எல்லாவற்றையும் நீங்களே கழற்றி விற்றுவிட்டு, விலாக்களை மட்டும் நிறுத்துக் கொடுங்கள். பதிவை இரத்துச் செய்த கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இலக்கத் தகடுகளை இரும்போடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.