துகிலுரிதல் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போன மாதம் 'தூர்னே' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதியபோது, அதில் வரும் ஜூலி அட்லஸ் மஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரியை 'முக்கியமான மேடைக் கலைஞர்' என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் எழுதினால் தேடிப் பார்த்துவிடுவது என் வழக்கம். பிள்ளைகள் தூங்கியபிறகு லேப்டாப்பில் போட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்துவந்த வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடியை அழுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மிச்சத்தை மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் பார்த்து முடித்தேன்.

நேராகவே கேட்கிறேன். துணியை அவிழ்ப்பதில் என்ன கலை? எங்கள் பக்கம் நோம்பிக்குக் கரகாட்டம் வைத்தால், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அது எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. பொம்பளைகளையும் குழந்தைகளையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்த ஆட்டக்காரியைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. வெள்ளைக்காரி செய்தால் மட்டும் கலையா?

இன்னொன்று, தொழில் சம்பந்தப்பட்டது. நான் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவ்வளவு இறுக்கமான உடுப்பு ஒரே இழுப்பில், தையல் பிரியாமல் எப்படிக் கழல்கிறது?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

வீட்டுக்காரர் எந்த இடத்தில் மூடினார் என்று நீங்கள் சொல்லவில்லை. டர்ட்டி மார்ட்டினி என்ற இன்னொரு ஆட்டக்காரி வரும் இடம் என்றால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பெருத்த உடம்போடு நீதிதேவதை வேஷத்தில் வந்து, டாலர் நோட்டுகளை வாய்க்குள் திணித்து விழுங்கி, அப்புறம் அதே நோட்டுகளைச் சரமாகப் பின்பக்கத்திலிருந்து உருவி எடுப்பாரே, அது. முதல்தடவை பார்த்தபோது நானே வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் அங்கே என்ன அவிழ்க்கப்படுகிறது என்று யோசியுங்கள். அவருடைய துணி போனது நமக்கு மறந்தே போய்விடுகிறது. மானம் போவது அந்த நோட்டுக்குத்தான்.

இவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு பர்லெஸ்க் என்று பேர். அந்தச் சொல்லுக்கு மூலமே பகடிதான். 'பர்லா' என்றால் இத்தாலிய மொழியில் கேலி. 1868இல் லிடியா தாம்சன் என்ற ஆங்கிலேய நடிகை தன் பெண்கள் குழுவோடு நியூயார்க் வந்து இறங்கினார். கிரேக்கப் புராணக் கதையை எடுத்துக்கொண்டு, ஆண் வேஷங்களையும் பெண்களே இறுக்கமான காலுறையோடு கட்டி, அன்றைய அரசியலை ஆடிப்பாடி நக்கலடித்தார்கள். முதலில் கொண்டாடிய பத்திரிகைகளே சீக்கிரம் வசைபாட ஆரம்பித்தன. 1870இல் சிகாகோவில், தன் குழுப் பெண்களை இழிவாக எழுதிய ஒரு பத்திரிகை ஆசிரியரை லிடியா நடுத்தெருவில் மடக்கிக் குதிரைச் சவுக்கால் விளாசினார். அபராதம் கட்டினார். அடுத்த ஆட்டத்துக்குப் போனார். எனக்கு மிகவும் பிடித்த மேடை வரலாறு இதுதான், மேடைக்கு வெளியே நடந்தது என்றாலும்.

பிறகு வந்தவர்கள் துணி குறைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு கேலியைக் கைவிட்டார்கள். 1937இல் நியூயார்க் மேயர் லகார்டியா பர்லெஸ்க் கொட்டகைகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தார். அந்தச் சொல்லையே விளம்பரப் பலகையில் போடக்கூடாது என்றாகிவிட்டது. அப்புறம் தொலைக்காட்சி வந்தது, நீலப்படம் வந்தது. ஆடியவர்கள் வயதாகிக் காணாமல் போனார்கள்.

ஒரு ஆட்டுப்பண்ணையைத் தவிர. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஹெலண்டேல் என்ற ஊர். அங்கே முன்னாள் ஆட்டக்காரி ஜென்னி லீ ஒரு பழைய ஆட்டுப்பண்ணையில் இறகு விசிறிகளையும் ஜிகினா உடுப்புகளையும் போட்டோக்களையும் சேர்த்துவைத்திருந்தார். 1990இல் அவர் இறந்ததும் அவருடைய தோழி டிக்ஸி எவன்ஸ் பொறுப்பெடுத்தார். மர்லின் மன்றோ மாதிரி ஆடிப் பேர் வாங்கியவர். பாலைவனத்துக்கு யார் வருவார்கள்? ஒரு போட்டி வைத்தால் வருவார்கள் என்று 'மிஸ் எக்ஸாட்டிக் வேர்ல்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார். வெயிலில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். கிழவிகள் உட்கார்ந்து பார்க்க, பேத்தி வயதுப் பெண்கள் வந்து ஆடினார்கள். அதே தொண்ணூறுகளில் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் சின்னச் சின்ன இரவு விடுதிகளில் நடனம் படித்தவர்கள், ஓவியம் படித்தவர்கள் என்று புதுக் கூட்டம் ஒன்று இந்த வடிவத்தைத் தூசி தட்டி எடுத்தது. அதைத்தான் இப்போது நியோ-பர்லெஸ்க் என்கிறார்கள்.

ஜூலி அந்தக் கூட்டத்தில் ஒருவர். டெட்ராய்ட்டில் பிறந்தவர். நியூயார்க் விடுதி ஒன்றில் ராட்சத மீன்தொட்டிக்குள் கடற்கன்னியாக நீந்திச் சம்பாதித்தவர். ஏறத்தாழ அதே காலத்தில், 2004இல், விட்னி அருங்காட்சியகம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கண்காட்சியில் நிகழ்த்துகலைஞராக இடம்பெற்றார். அமெரிக்க நவீனக் கலையில் அது பெரிய வாசல். 2006இல் அந்த ஆட்டுப்பண்ணைப் போட்டி லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர்ந்தது. அந்த வருஷத்துப் பட்டம் அவருக்கு. அருங்காட்சியகத்துக்குப் போனபிறகு மீன்தொட்டியை மறைக்கவோ, பட்டம் வாங்கியபிறகு அருங்காட்சியகத்தைப் பீற்றிக்கொள்ளவோ அவர் முயன்றதாகத் தெரியவில்லை. எனக்கு அவர்மீது மரியாதை வந்த இடம் அதுதான்.

கயிற்று ஆட்டம் என்று அவருடையது ஒன்று உண்டு. உடம்பு முழுக்கக் கயிறு சுற்றிக் கட்டியிருக்கும். 1963இல் வந்த ஒரு அமெரிக்கப் பாட்டு ஒலிக்கும். நான் உன் உடைமை இல்லை என்று ஒரு பதினேழு வயதுப் பெண் பாடியது. ஜூலி நெளிகிறார், முறுக்குகிறார், ஒவ்வொரு சுற்றாகக் கழற்றுகிறார். அழகாக ஒன்றும் இருக்காது. கன்று கயிற்றை அறுத்துக்கொள்ளத் திமிறுகிற மாதிரி இருக்கும். கடைசியில் அம்மணமாக நிற்கும்போது, பார்க்கிறவருக்கு எதையோ காட்டிவிட்டார் என்று தோன்றுவதில்லை, அப்பாடா என்று இருக்கிறது. தூர்னேயில் பெரிய பலூனுக்குள் புகுந்து ஆடுகிறாரே, அதை மட்டுமாவது மறுபடி பாருங்கள். நம்மூர்க் கவர்ச்சி நடனத்தில் ஒரு ஆளாவது அப்படிச் சிரிக்கவைத்திருக்கிறாளா?

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினேன். துகிலுரிதல் என்றுதான் வருகிறது. அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் துச்சாதனன் வந்து நிற்கிறான். உரிகிறவன் ஒருவன், உரியப்படுகிறவள் ஒருத்தி, பார்த்துக்கொண்டிருக்கிற சபை ஒன்று. தன் துகிலைத் தானே, தனக்கு இஷ்டப்பட்ட தாளத்தில், சபையைக் கிண்டலடித்துக்கொண்டே களைகிற ஒருத்திக்கு நம்மிடம் வினைச்சொல்லே இல்லை. நீங்கள் கேட்ட 'என்ன கலை' என்பதற்கு என் பதில் இந்த இல்லாத வினைச்சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஆட்டத்தை யோசிப்பது அவர், உடுப்பு அவருடையது, எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில். தூர்னேயில்கூட இயக்குநர் மாத்யூ அமால்ரிக் புதிதாக ஆட்டம் அமைத்துக் கொடுக்கவில்லை. அவரவர் சொந்த ஆட்டத்தையே, நிஜமான ரசிகர்கள் முன்னால் ஆடவிட்டுப் படம்பிடித்தார். 2010 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆட்டக்காரிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஜூலியின் கணவர் மேட் ஃப்ரேசர், ஆங்கிலேய நடிகர். 1962இல் பிறந்தவர். கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தாலிடோமைட் மாத்திரையால் கைகள் குட்டையாகிப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒருவர். இருவரும் சேர்ந்து 'அழகியும் அரக்கனும்' கதையை எடுத்து, நடுநடுவே தங்கள் சொந்தக் காதல் கதையையும் சொல்லி ஒரு நாடகம் போட்டார்கள். 2013இல் லண்டன் யங் விக் அரங்கில், அடுத்த வருஷம் நியூயார்க்கில். பொம்மலாட்டக்காரர்கள் இருவர் மேடையிலேயே நின்று, தேவைப்படும்போது தங்கள் கைகளை அவருக்கு இரவல் தருவார்கள். இருவரும் அம்மணமாக நிற்கிற இடம் உண்டு. ஒருவருடைய உடம்பைப் பார்க்கச் சனம் காலங்காலமாகக் காசு கொடுத்திருக்கிறது. இன்னொருவருடைய மாதிரி உடம்பையும் காசு கொடுத்துத்தான் பார்த்தது, வேடிக்கைக் கொட்டகைகளில். வேடிக்கை பார்த்தே பழகிய சபை அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது? என் வரையில் ஜூலி இதுவரை செய்ததில் இதுதான் உச்சம். அதற்கப்புறம் கணவர் எழுத, மனைவி இயக்க, குழந்தைகளும் பார்க்கிற கோமாளி நாடகங்கள்கூடப் போட்டிருக்கிறார்கள்.

இனி கரகாட்டம். இந்தக் கேள்வி தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியதில்லை, உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள். தலையில் குடத்தை நிறுத்தி, நாயனத்துக்கும் தவிலுக்கும் ஆடி, குனிந்து தரையில் இருக்கிற ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுக்கிறவருக்கு இருக்கிற வித்தை ஜூலிக்குக் கிடையாது. பதினோரு மணிக்கு மேல் நடப்பது அந்த வித்தை அல்ல. பேசின பணத்தைக் கையில் வாங்கவேண்டும் என்பதற்காக, முன்வரிசைக் கூட்டம் கேட்கிறபடி ஆடுவது. ஜூலி மறுத்தால் ஒரு விடுதி போகும், இன்னொன்று கிடைக்கும். இந்தப் பெண் மறுத்தால் அந்த சீசனே போய்விடும். நிர்வாணத்தின் அளவில் இல்லை வித்தியாசம்.

அமெரிக்காவிலும் இந்தக் கசப்பு இருக்கிறது. 'நாங்கள் பர்லெஸ்க், அவர்கள் வெறும் ஸ்ட்ரிப்பர்கள்' என்று புதுக்கூட்டத்தில் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். பகலில் வேறு உத்தியோகம் இருக்கிறவர்கள் பொழுதுபோக்குக்கு அவிழ்த்தால் கலை, வாடகைக்காக நாங்கள் அவிழ்த்தால் அசிங்கமா என்று பதிலுக்கு ஸ்ட்ரிப்பர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒரே கேள்விதான். ஆட்டுப்பண்ணைக் கிழவிகள் அத்தனை பேரும் வாடகைக்காக ஆடியவர்கள் என்பதை இந்த மூக்குச்சுளிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக உங்கள் தொழில் கேள்வி. ஒரு மேடைத் தையல்காரரிடம் முன்பு கேட்டு வைத்திருந்ததைச் சொல்கிறேன். ஜிப் வைத்தால் கல் வேலையில் மாட்டிக்கொள்ளும். வெல்க்ரோ சுலபம்தான், ஆனால் பிரியும்போது வருகிற சத்தம் பாட்டுக்கு நடுவே கேட்கும். அதனால் பக்கத் தையலைத் தைக்காமல் விட்டு, இரண்டு ஓரத்திலும் கெட்டிப் பட்டி கொடுத்து, பிரஸ் பட்டனோ பெரிய ஹூக்கோ வைக்கிறார்கள். இழுக்கிற பக்கம் நெருக்கம் குறைவாக, இடுப்பில் மட்டும் நெருக்கமாக. முழங்கை வரைக்கும் வரும் கையுறை ஒரே உருவலில் வருவதாகத் தெரியும், ஆனால் அதற்கு முன்னாலேயே பல்லால் கடித்து ஒவ்வொரு விரல் நுனியையும் தளர்த்தியிருப்பார்கள். நாம் அதைச் சிங்காரம் என்று நினைத்துக்கொள்கிறோம். மார்பில் ஒட்டுகிற ஜிகினா வட்டுக்கு மட்டும் பட்டனும் இல்லை, ஹூக்கும் இல்லை. ஒப்பனைக்காரர்கள் ஒட்டுமீசைக்குப் போடுகிற பசைதான். பிய்க்கும்போது தோலோடு வரும்.