புகையை விட்டதும் வந்த இருமல்

கேள்வி (கொரோனா பெருந்தொற்றின்போது வந்தது): எனக்கு வயது 43. இருபது ஆண்டுகளாகப் புகைக்கிறேன். நாளுக்குப் பதினைந்து சிகரெட். காலையில் கண் விழித்ததுமே ஒன்று வேண்டும். கொரோனா பயத்தில் போன மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைவலி, யார் பேசினாலும் எரிச்சல். நான்காம் நாள் எப்போதும் இல்லாத அளவுக்கு இருமலும் சளியும். தொற்றோ என்று பயந்து பரிசோதனை செய்ததில் இல்லை என்று வந்தது. ‘பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்’ என்று நண்பர் சொன்னார். மீண்டும் புகைக்க ஆரம்பித்துவிட்டேன். புகைப்பவர்களுக்குக் கொரோனா குறைவாகத்தான் வருகிறது என்று ஒரு செய்தியையும் அவர் அனுப்பியிருக்கிறார். பெருந்தொற்று ஓயும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமி ஊரெல்லாம் சுற்றும் நேரம்தான் புகையை விடுவதற்கு மிகவும் அவசியமான நேரம்.

நீங்கள் நான்காம் நாளில் கைவிட்டதுதான் எனக்கு வருத்தம். நிகோடின் கிடைக்காததால் வரும் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு இறங்குமுகம், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். கடினமான பகுதியைக் கடந்த பிறகுதான் நீங்கள் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பியது அந்த இருமல். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் உண்டு. ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளுவது அவற்றின் வேலை. சிகரெட் புகை அந்த இழைகளை முடக்கிவிடுகிறது. புகை நின்றதும் அவை மெல்ல மறுபடி வேலைக்குத் திரும்புகின்றன. தேங்கிக் கிடந்த சளி மேலேறி வருகிறது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. நடப்பவர்களுக்குச் சில வாரங்கள் நீடிக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இருமலை அடக்கும் மருந்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். வர வேண்டிய சளி வரட்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இருமினால் பயம் வரத்தான் செய்யும். பரிசோதனை செய்துகொண்டது சரி. அடுத்த முறையும் ஐயம் வந்தால் செய்துகொள்ளுங்கள், முடிவு வரும்வரை தனித்திருங்கள். புகையை விட்டதால் வரும் இருமலில் பெரும்பாலும் சளி இருக்கும், காலையில் கூடுதலாக இருக்கும்; காய்ச்சல் இருக்காது. இன்னொன்று, புகையை நிறுத்தியவருக்கு மோப்பமும் சுவையும் கூர்மையாகுமே தவிர மங்காது. நிறுத்திய பிறகு சோப்பின் வாசனைகூடத் தெரியவில்லை என்றால் அதைச் சிகரெட்டை விட்டதன் கணக்கில் எழுதாதீர்கள். காய்ச்சல், உடல்வலி, மோப்பம் இழத்தல், படி ஏறினால் முன்பில்லாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டும் அந்தக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் என்றே காட்டிவிடும். தொடர்ந்து புகைப்பவரிடம் ஐந்து விழுக்காடு அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருப்பது அபூர்வமல்ல. ஆகவே புகைப்பவரின் விரலில் தெரியும் 96 என்ற எண், புகைக்காதவரின் 96 அல்ல. மூச்சு வாங்கும்போது எண்ணைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடக் கூடாது. நிறுத்தினால் ஓரிரு நாளில் இந்தக் கலப்படம் நீங்கிவிடும்.

எதிர்ப்புச் சக்தி பற்றி நண்பர் சொன்னது தலைகீழ். அதைக் கெடுப்பது புகைதான். ஆனால் நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில் சிலருக்கு வாய்ப்புண்ணும் தொண்டை வலியும் வருவதுண்டு. இந்தப் பேச்சு அதிலிருந்து கிளம்பியிருக்கலாம். அவை தானாகவே ஆறிவிடும்.

அவர் அனுப்பிய செய்திக்கு ஒரு மூலம் உண்டு. 2020 ஏப்ரலில் பிரான்சில் சில ஆய்வாளர்கள், மருத்துவமனைக்கு வந்த கொரோனா நோயாளிகளில் புகைப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு, நிகோடினுக்குப் பாதுகாக்கும் குணம் இருக்குமோ என்று ஊகித்தார்கள். அவர்கள் சோதித்துப் பார்க்க விரும்பியதும் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையைத்தான், சிகரெட்டை அல்ல. மக்கள் முண்டியடித்து வாங்கிக் குவித்துவிடக் கூடாதென்று அந்நாட்டு அரசு பட்டை விற்பனைக்கே கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. மூச்சுத் திணறி வருபவரிடம் புகைப்பழக்கத்தை யாரும் நிதானமாகக் கேட்டு எழுதுவதில்லை. நோய் வந்ததும் விட்டவர்கள் ‘புகைக்காதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். இத்தகைய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு அவசர முடிவுக்கு வரக் கூடாது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம், கொரோனா வந்தால் புகைப்பவர்களுக்கு அது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்று அறிவித்துவிட்டது. நண்பர் அந்தச் செய்தியை அனுப்பியிருக்க மாட்டார்.

சரி, எப்படி விடுவது? மன உறுதி ஒன்றையே நம்பி இறங்க வேண்டாம். கண் விழித்ததும் சிகரெட் தேடுவது, நிகோடினுக்கு உடம்பு நன்றாகப் பழகிவிட்டதன் அடையாளம். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்களுக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் நிகோடின் பட்டையில் தொடங்கி, ஆறு வாரத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைப்போம். அதோடு திடீர் வேட்கைக்கு நிகோடின் சூயிங்கம்மும் சேர்த்தால் பலன் கூடும். உங்களைப் போன்றவர்களுக்கு 4 மில்லிகிராம். இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

சூயிங்கம்மைப் பலரும் தவறாகவே பயன்படுத்துகிறார்கள். சாதாரணச் சூயிங்கம் போல மென்று தள்ளினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள், காரச் சுவை தட்டியதும் மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது.

காபி பிரியரா நீங்கள்? அப்படியானால் அளவைப் பாதியாக்குங்கள். புகை, கல்லீரலில் காஃபீனை வேகமாக அழிக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே காபி இரட்டிப்பாக வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். நீங்களோ சிகரெட் இல்லாததால்தான் என்று எண்ணிக்கொள்வீர்கள். உங்கள் மூன்றாம் நாள் எரிச்சலில் காபிக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டிவரும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநல சிகிச்சையில் தரும் குளோசபின், ஓலன்சபின் போன்றவை புகையை விட்டதும் இரத்தத்தில் கூடிவிடும். நீங்கள் வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதாக எழுதவில்லை. சாப்பிட்டால், நிறுத்தப்போகும் தேதியை அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.