பின்பக்கம் வெள்ளையாக ஒரு நோட்டு

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய நிதியமைச்சர் தகஹாஷி கொரெகியோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மந்தநிலையிலிருந்து நாட்டை மீட்டவர் என்று கொண்டாடியிருக்கிறீர்கள். ஆனால் அவர் கடன் வாங்கி இறைத்த பணத்தில் கொழுத்தது ராணுவம்தானே? கடைசியில் அந்த ராணுவத்துக்காரர்களே அவரைக் கொன்றார்கள். வினை விதைத்தவர் வினையறுத்தார் என்று ஏன் சொல்லக் கூடாது? இன்னொன்று, பிரதமராக இருந்தவர் மறுபடி வெறும் அமைச்சராக வருவது இறக்கம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பதின்மூன்று வயதில் அமெரிக்கா போய், என்னவென்று புரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ஓக்லாந்தில் கொத்தடிமை மாதிரி சிக்கிக்கொண்டவர் அவர். பிறகு பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கத்தை நம்பிப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர். அவருக்கு இதெல்லாம் ஒரு இறக்கமா?

1921இல் பிரதமர் ஹரா கொலையானதும் அந்த நாற்காலி இவருக்கு வந்தது, ஏழே மாதத்தில் போயும்விட்டது. அந்த வேலையில் அவர் சோபிக்கவில்லை என்பதே என் எண்ணம். நிதியமைச்சகம்தான் அவருக்குச் சொந்த வீடு. 1927இல் வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது கூப்பிட்டார்கள், போனார். வங்கிகளை இரண்டு நாள் மூடவைத்தார். அதற்குள் 200 யென் நோட்டை அவசரமாக அச்சடித்தார்கள். பின்பக்கத்தை அச்சடிக்க நேரமில்லை, வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். திறந்த அன்று கவுண்டரில் கட்டுக்கட்டாகப் பணத்தைப் பார்த்ததும் கூட்டத்தின் பதற்றம் அடங்கியது. ஆறு வாரத்தில், வந்த வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

சரி, ராணுவத்துக்கு வருவோம். 1931 டிசம்பரில் மறுபடி பதவியேற்ற அன்றே தங்க ஏற்றுமதியைத் தடுத்தார். தங்கத்தோடு இருந்த பிணைப்பு அறுந்து யென் சரிந்தது, ஏற்றுமதி சூடுபிடித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசின் கடன் பத்திரங்களை, நாட்டின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கியே நேராக வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தில் கிராமங்களிலும் வேலை கிடைத்தது, ராணுவத்துக்கும் பங்கு போனது. 1935 வாக்கில் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்குத்தான். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஜப்பான் வங்கி வாங்கிய பத்திரங்களில் பெரும்பகுதி மற்ற வங்கிகளுக்கு விற்கப்பட்டது என்பதையும் பாருங்கள். புழக்கத்தில் விட்ட பணம் இப்படித் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1935இல் தொழிற்சாலைகள் மும்முரமாகிவிட்டன, வங்கிகளுக்குப் பத்திரத்தின் மேல் ஆசை குறைந்தது. இனியும் கடன் வாங்கினால் விலைவாசிதான் ஏறும் என்று அவருக்குத் தெரிந்தது. விடிய விடிய நடந்த பட்ஜெட் கூட்டத்தில், நம்முடையது வளம் குறைந்த நாடு என்று சொல்லி ராணுவம் கேட்டதை வெட்டினார். 1936 பிப்ரவரி 26, பனி பெய்த விடியற்காலை, அகசாகா வீட்டு மாடியில் இளம் அதிகாரிகள் அவரைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். வயது 81.

கொடுத்ததற்காக அல்ல, போதும் என்றதற்காகக் கொன்றார்கள். அதனால் உங்கள் பழமொழி இங்கே பொருந்தவில்லை. அவர் மேல் எனக்குள்ள குறை வேறு. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த, தான் இருப்போம் என்று நம்பினார். தான் இல்லாவிட்டாலும் நிறுத்தும்படி எந்த ஏற்பாட்டையும் விட்டுப்போகவில்லை. அடுத்து நிதியமைச்சராக வந்த பாபா எய்இச்சி, ராணுவம் கேட்டதைக் கொடுத்தார்.

அந்த வீட்டை அப்படியே பெயர்த்து டோக்கியோ பக்கம் கொகானெய் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மாடிக்கும் போய்ப் பார்க்கலாம். அப்புறம், போர் முடிந்து 1951இல் அவர் படம் போட்ட 50 யென் நோட்டு வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் அச்சடித்தார்கள்.