"அப்பா, மேட்சுக்கு வராதீங்க"

அன்புள்ள மேடம்,

எனக்குச் சொந்த ஊர் கோவைப் பக்கம். ஜகார்த்தாவை ஒட்டிய தாங்கெராங்கில் ஒரு நூற்பாலையில் வேலை. இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. மகனுக்கு 17 வயது. ஒரு கிளப்பில் ஒற்றையர் பேட்மிண்டன் ஆடுகிறான்.

நானும் ஆடியவன்தான். பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம் இருந்தேன். முழங்கால் போகாமல் இருந்திருந்தால் மாநில அணிக்குப் போயிருப்பேன் என்று என் கோச்சே சொல்லியிருக்கிறார். அந்த அனுபவம் பையனுக்குப் பயன்படட்டும் என்றுதான் எல்லா மேட்சுக்கும் போவேன். திரும்பும்போது காரிலேயே எந்த பாயிண்டில் எங்கே தப்பு செய்தான் என்று விளக்கிச் சொல்வேன். நெட்டுக்குப் பக்கத்தில் ஆடும்போது அவனுக்குப் பொறுமை போதாது.

போன மாதம் அரையிறுதியில் தோற்றான். காரில் நான் ஆரம்பித்ததும், "அப்பா, இனிமே மேட்சுக்கு வராதீங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "இச்சுக் சுகியார்த்தோ மகன் டாமியைப் பார். அப்பா பேச்சைக் கேட்டதால்தான் உலக அளவில் மெடல் வாங்கினான்" என்றேன். அதற்கு அவன், "டாமியோட அப்பா உலக சாம்பியன். நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டான்.

மூன்று வாரமாகப் பேச்சில்லை. எதுவானாலும் மனைவி வழியாகத்தான். கட்டிங் (வலை நரம்பு) அறுந்த ராக்கெட்டை மட்டும் இன்னும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான். சின்ன வயதிலிருந்து நான்தான் வீட்டு மெஷினில் போட்டுக் கொடுப்பேன். இப்போது தொடாமல் வைத்திருக்கிறேன். நான் செய்தது தப்பா?

— பெயர் வேண்டாம், தாங்கெராங்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கோச் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். மகனின் ஆட்டத்தைப் பற்றி இருப்பது ஒரே வரி, அதுவும் குறை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காரில் அவன் காதில் விழுந்ததும் இதே விகிதத்தில்தான் இருந்திருக்கும்.

"நீங்க யாரு" என்று அவன் கேட்டது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் நீட்டிய அளவுகோலையே எடுத்து உங்கள் பக்கம் திருப்பி நீட்டியிருக்கிறான். இன்னொருவர் மகனோடு அவனை ஒப்பிட்டீர்கள். அவன் இன்னொருவர் அப்பாவோடு உங்களை ஒப்பிட்டான்.

நீங்கள் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம், நானும் பேட்மிண்டன் பைத்தியம்தான். சுகியார்த்தோ வீட்டுக்குள் அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு வேண்டாம். கோர்ட்டில் நடந்தது போதும்.

1983இல் கோபன்ஹேகனில் உலக சாம்பியன்ஷிப் இறுதி. 20 வயது இச்சுக், சக இந்தோனேசியரான லியம் ஸ்வி கிங்கோடு மோதினார். 15-8, 12-15, கடைசி கேம் 17-16. அந்தக் காலக் கணக்குப்படி 16-16இல் அடுத்த பாயிண்ட் யாருக்கோ அவருக்கே பட்டம். அந்த ஒரு ஷட்டில் மறுபக்கம் விழுந்திருந்தால், 5 ஆண்டு கழித்துப் பிறந்த டாமிக்கு "உலக சாம்பியனின் மகன்" என்ற பட்டப்பெயரே இருந்திருக்காது. தோற்ற கிங்குக்கோ உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் ஆல் இங்கிலாந்து என்ற பழம்பெரும் போட்டியை மூன்று முறை வென்றவர் அவர், எகிறி அடிக்கும் ஸ்மாஷுக்கு இந்தோனேசியாவில் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை உங்கள் அலுவலகத்து இந்தோனேசியர்களிடம் கேட்டுப் பாருங்கள், டீ நேரம் முழுக்கப் பேசுவார்கள்.

டாமி 2013இல் சிங்கப்பூர் ஓபனை வென்றார். அதே டிசம்பரில் கோலாலம்பூரில் சூப்பர் சீரீஸ் ஃபைனல்ஸின் இறுதி ஆட்டம் வரை போய் லீ சோங் வெய்யிடம் தோற்றார். 2014இல் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். நடந்த ஊர் எது தெரியுமா? அதே கோபன்ஹேகன். அப்பா தங்கம் வாங்கிய ஊரில் 31 ஆண்டு கழித்து மகனுக்கு வெண்கலம். உங்கள் காரில் டாமி உட்கார்ந்திருந்தால் தாங்கெராங் வந்து சேர்வதற்குள் அந்த வெண்கலம் தோல்வியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா பேச்சைக் கேட்டதால் வென்றார் என்கிறீர்கள். எனக்கு அந்தக் கதையில் படுவது வேறு. டாமி சிப்பாயுங்கில் உள்ள தேசியப் பயிற்சி மையத்திலும் இருந்தார், அதை விட்டு வெளியே வந்து தனி வீரராகவும் ஆடினார். 2016இல் ரியோ ஒலிம்பிக். 2017இல், 28 வயதில், தாய்லாந்து மாஸ்டர்ஸ் பட்டம். 30 வயதில் கொரியா ஓபன் இறுதிக்கு வந்து சோ தியென் சென்னிடம் தோற்றார். அப்பாவின் பட்டத்தை எட்டவில்லை என்று தெரிந்த பிறகும் இத்தனை வருடம் ஒருவர் கோர்ட்டில் நிற்கிறார் என்றால், ஆட்டம் அவருக்கே பிடித்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது 17தான். 13 வருடம் கழித்தும் ராக்கெட்டைத் தூக்க அவனுக்கு ஆசை மிச்சமிருக்க வேண்டாமா?

அடுத்த சில மேட்சுகளுக்குப் போகாதீர்கள். மனைவி மூலம் ஸ்கோர் விசாரிப்பதும் வேண்டாம், அது அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவனே கூப்பிட்டால் போங்கள். திரும்பும்போது பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் திறக்கட்டும். டாமியை இழுத்ததற்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், "ஆனால்" சேர்க்காமல்.

இதையெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். ராக்கெட்டை உங்கள் மேஜையில்தானே வைத்துவிட்டுப் போகிறான்? கட்டிங் போட அந்த ஊரில் கடைக்கா பஞ்சம்? இன்று ராத்திரியே போட்டுக் கொடுங்கள். எத்தனை பவுண்டு இழுத்துக் கட்ட வேண்டும் என்று அவனிடம் கேளுங்கள். உங்களுக்கு 26தான் சரி என்று பட்டாலும், அவன் 24 என்றால் 24 போடுங்கள்.