தோப்பு வீட்டுக்கு எந்த இன்டர்நெட் போடலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஊரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்குள் வீடு. சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். லீவு முடிந்த பிறகு ஆறு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கப் போகிறாள். பிஎஸ்என்எல் ஃபைபர், உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர், செல்போன் கம்பெனியின் 5ஜி ஏர்ஃபைபர் என்று மூன்று வழி இருக்கிறது. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிறார் கேபிள்காரர். எதைப் போடுவது?

பதில்: விலைப்பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். லைன் அறுந்தால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார்? முதலில் அதை விசாரியுங்கள்.

பிஎஸ்என்எல் ஃபைபரைக் கிராமங்களில் பெரும்பாலும் உள்ளூர் பார்ட்னர்கள்தான் இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். பல ஊர்களில் கேபிள் டிவி நடத்துபவரே அந்தப் பார்ட்னராகவும் இருப்பார். அதனால்தான் ஒரே கம்பெனி லைன் ஒரு ஊரில் தங்கமாக ஓடும், பக்கத்து ஊரில் மாதத்தில் பத்து நாள் படுத்துவிடும். உங்கள் ஊரில் இணைப்பு வைத்திருக்கும் மூன்று நான்கு வீட்டிலும், இ-சேவை மையத்திலும், பள்ளிக்கூடத்திலும் கேளுங்கள். "நெட் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "பரவாயில்லை" என்பார்கள். "போன ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் எத்தனை நாள் போச்சு? யார் வந்து சரி பண்ணினார்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் கிராமத்து வீட்டில் ஒரு கார்த்திகை மாதம் மோடத்தில் எல்ஓஎஸ் (ஒயரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம்) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. கம்பெனிக்கு போன் செய்தால், 24 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று தினமும் ஒரு மெசேஜ் மட்டும் வரும். ஒன்பதாவது நாள்தான், நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார். பையிலிருந்து பவர் மீட்டரை எடுத்து ஒயர் முனையில் செருகினார். மைனஸ் 29 காட்டியது. ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் ஜன்னல் ஓரத்தில் நின்றார். மழைச்சாரலுக்கு நாங்கள் ஜன்னலை இறுக்கிச் சாத்தியதில் ஒயர் மடங்கி நசுங்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது முனை போட்டதும் மைனஸ் 21. விளக்கு பச்சையானது. பத்து நிமிட வேலை, அதற்கு ஒன்பது நாள் காத்திருந்தோம்.

அந்த எண் ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்பதன் அளவு. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட ஒளி குறைவு. வீட்டு மோடங்கள் சுமார் மைனஸ் 27, 28 வரைதான் தாங்கும். இணைப்புக் கொடுக்கும் அன்றே மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 25-ஐத் தாண்டி 26, 27 என்று போனால், ஜாயிண்ட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரை கிலோமீட்டர் தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டில்தான் தூரம் கூடக்கூட வேகம் குறையும். ஃபைபரில் அரை கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. ஜாயிண்ட்டும் மடிப்பும்தான் ஒளியைத் தின்னும். ஆனால் ஒயருக்கான செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். "இத்தனை மீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு" என்பது பின்னால்தான் வெளியே வரும். மோடம் யாருக்குச் சொந்தம், டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஒயரைத் தென்னை மரத்துக்கு மரம் கட்டி இழுக்க மட்டும் விடாதீர்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் ஒரு மட்டை விழுந்தால் லைன் போச்சு, மரம் ஏறுகிறவருக்கும் இடைஞ்சல். வேலிக் கல்லுக்கால் வழியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது பிவிசி பைப்புக்குள் விட்டுப் புதையுங்கள். வீட்டுப் பக்கம் பத்துப் பதினைந்து மீட்டர் ஒயரைச் சுருட்டி விடச் சொன்னால், அறுந்தாலும் இழுத்து ஒட்ட இடம் இருக்கும்.

ஏர்ஃபைபருக்கு ஒயர் தொல்லை கிடையாது. ஆனால் டவர் சிக்னலை நம்பித்தான் அது ஓடும், அதிலும் உங்கள் வீட்டைச் சுற்றித் தென்னை. நனைந்த ஓலை சிக்னலை நன்றாகவே குறைக்கும். அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) மைஸ்பீடு ஆப்பில் மூன்று நாள் வேகத்தைச் சோதியுங்கள், அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல். ஊரே போனும் கையுமாக இருக்கும் நேரம் அது. கம்பெனிகள் தங்கள் கவரேஜ் மேப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்று டிராய் 2024-இல் விதி கொண்டுவந்தது. அதைப் பாருங்கள், ஆனால் மாடியில் கிடைத்த எண்ணைத்தான் நம்புங்கள். மாத டேட்டா அளவு எவ்வளவு, அது தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்கள்.

வேகத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. வீடியோ மீட்டிங்குக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும். 30 அல்லது 50 எம்பிபிஎஸ் பிளானில் மகளின் வேலையும் வீட்டு டிவியும் சேர்ந்தே ஓடும். அப்லோடு வேகத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். மீட்டிங்கில் நம் குரல் அந்தப் பக்கம் தெளிவாகப் போவது அதை வைத்துத்தான். அப்புறம், சொல்லும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் பிளான் கைக்கு வரும்போது 589 ரூபாய்.

சரி, எதைப் போடுவது? இரண்டு ஃபைபரில் எதற்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறாரோ அதைப் போடுங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், இன்ஸ்டலேஷனுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் பரவாயில்லை. ஒரு மழைக்காலம் தாண்டும் வரை மாதாமாதம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டிவிட்டால் கூப்பிட்டவுடன் வருவாரா என்பது அவர் இஷ்டம். கேபிள்காரர் லைசென்ஸ் உள்ள ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கீழ் நடத்துகிறாரா என்றும், அந்தக் கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வருமா என்றும் பாருங்கள். பில் இல்லையென்றால் நாளை புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மகளின் போனில் வேறு கம்பெனி சிம் ஒன்று இருக்கட்டும். லைன் போன அன்று ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங்கை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவதுதான். ரௌட்டருக்கென்றே மினி யூபிஎஸ் விற்கிறார்கள். உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக் கடையில் காட்டி, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் லைன்காரரிடம் உங்களுக்கு லைன் வரும் அவருடைய மெஷினுக்கு எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் யூபிஎஸ் வீண்.

கேள்வி: பன்னிரண்டு நாள் லைன் இல்லை. பில் மட்டும் முழுசாக வந்திருக்கிறது. லைன்மேனுக்கு வாட்ஸப்பில் தினமும் சொன்னேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் லைன்மேனுக்கு அனுப்பிய வாட்ஸப் கம்பெனியின் கணக்கில் புகாராகப் பதிவாகாது. கஸ்டமர் கேரில் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். பில்லில் அந்த நாட்களைக் கழிக்கச் சொல்லியே பதியுங்கள். கெடுவுக்குள் தீர்வு வராவிட்டால், அதிலிருந்து 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்புக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள்.

அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை அங்கே கொண்டுபோக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பில், பணம் கட்டிய ரசீது, புகார் எண், அந்த வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். இனி லைன் போனால், அன்றே மோடத்தின் சிவப்பு விளக்கைத் தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.