வேன் ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடுதா?

டிராவலர் வேனில் கட்டில், அடுப்பு எல்லாம் போட்டு ஊர் சுற்றுகிறவர்கள் என்னிடம் கேட்டதில், ஃப்ரிட்ஜ் சூடு பற்றியவை மட்டும் இங்கே.

திருநெல்வேலி: அண்ணே, 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ். வெயிலில் நிறுத்தினா நிக்காம ஓடுது, சாயங்காலமே பேட்டரி காலி. சுத்தி முழுக்க தெர்மோகோல் அடைச்சிடவா?

வேண்டாம் தம்பி. உள்ளே இருந்து இழுக்கிற சூட்டை ஃப்ரிட்ஜ் கண்டென்சர்ங்கிற சூட்டுக் குழாய் வழியாத்தான் வெளியே தள்ளுது. அதுக்குப் போர்வை போர்த்தினா தன் சூட்டிலேயே வேகும். நாம தடுக்க வேண்டியது வேன் தகட்டோட சூட்டை. மே மாச மதியம் அந்தத் தகட்டில் கை வைக்க முடியாது. அதனால ஃபோமைத் தகட்டோட ஒட்டுங்க, 25 மி.மீ. தாராளம். ஃபோமுக்கும் ஃப்ரிட்ஜ் முதுகுக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்க. ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கிற கூண்டின் அடியில் காற்று நுழைய ஒரு ஓட்டை, உச்சியில் வெளியேற ஒரு ஓட்டை. மேல் ஓட்டையில் கம்ப்யூட்டர்ல வர்ற 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு.

ஃப்ரிட்ஜோட பக்கவாட்டிலும் ஃபோம் ஒட்டணும்னா முதல்ல அது ஓடும்போது உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா உள்ளே சூட்டுக் குழாய் ஓடுது, அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க.

கோவை: எந்த ஷீட் வாங்கலாம் சார்? கரூர்ல பாடி கட்டுற பட்டறையில் கண்ணாடிப் பஞ்சு போதும்ங்கிறாங்க.

பஞ்சு ஈரம் குடிக்கும். கொடைக்கானல்ல ஒரு ராத்திரி நிறுத்தினா போதும், குளிர்ந்த தகட்டின் உள்பக்கம் வேர்த்து, பஞ்சு நனைஞ்சு, துரு ஆரம்பிச்சிடும். நைட்ரைல் ரப்பர் ஷீட் அல்லது எக்ஸ்எல்பிஇ (பாலிஎத்திலீன் ஃபோம்) ஷீட் வாங்குங்க, ஏசி டக்ட் வேலைக்காரங்ககிட்ட கிடைக்கும். அதே தடிமனில் பியூஃப் (பாலியூரிதேன் ஃபோம்) பலகை இன்னும் நல்லாத் தடுக்கும், ஆனா வளைவில் உட்காராது.

என் முதல் வேனில் சிக்கனம் பார்த்து தெர்மோகோலை ரப்பர் பசை போட்டு ஒட்டினேன். கண் முன்னாலேயே பசை தெர்மோகோலை அரிச்சு, பல்லாங்குழி மாதிரி குழி குழியா ஆக்கிடுச்சு. இன்னொண்ணு: பளபளக்கிற ஃபாயிலுக்கு முன்னால காற்று இடைவெளி இருந்தாத்தான் பலன். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே நசுக்கி வெச்சா வெறும் அலங்காரம்.

மெல்பர்ன்: எங்கள் காரவனில் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ். வெளிச்சுவரில் இருக்கும் இரண்டு கிரில் வழியாக அனல் வருகிறது. கோடையில் மூடிவிடலாமா?

கூடவே கூடாது! அதில் சுடர் எரியுது. மேல் கிரில் புகையும் சூடும் போற வழி. கீழ் கிரில் காற்று நுழையவும், கசிஞ்சா காற்றை விடக் கனமான கேஸ் இறங்கிப் போகவும். அடைக்க வேண்டியது வேற: ஃப்ரிட்ஜ் கூண்டுக்கும் நீங்க தூங்குற பக்கத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு. அது வழியா கார்பன் மோனாக்ஸைடு வரக்கூடாது. இந்த வகையில் இன்சுலேஷன் வேலையை கேஸ் தெரிஞ்ச ஆளிடமே விடுங்க.

சென்னை: நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு அண்ணா. ராத்திரி பேட்டரி நிறைய இருந்தும் ஃப்ரிட்ஜ் நின்னுடுது. வயர் 1 சதுர மி.மீ., பேட்டரியிலிருந்து 5 மீட்டர்.

அது சூடு இல்லம்மா, வயர். 5 ஆம்பியர் இழுத்தா, போக வர 10 மீட்டரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போயிடுது. பேட்டரி இறங்கிடுச்சுன்னு நினைச்சு ஃப்ரிட்ஜ் தானா அணையுது. 6 சதுர மி.மீ. வயர் போடுங்க, இழப்பு 0.15 வோல்ட் அளவுக்கு வந்துடும். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டைச் செருகி இழுத்தும் பாருங்க. வழுக்கிட்டு வந்தா ரப்பரையும் மாத்தணும்.